சின்ன டிராக்டர் லோடருக்கு ஃபோர்க்: கிளாம்பா, பிரேமா, பின்னால் மாட்டுவதா?

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் குமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம், மூன்று ஏக்கர் சரிவு விளை (தோட்டம்), முழுக்க ரப்பர். இன்னொருவர் தோவாளைப் பக்கம், சமதரை, வாழை. கூடவே சின்னதாக ஹாலோ பிளாக் அடிக்கிற வேலையும் உண்டு. இரண்டு பேரிடமும் சின்ன டிராக்டர், முன்னால் லோடர், அதில் பக்கெட். "அண்ணே, பக்கெட்ல மண்ணு அள்ளலாம், எரு அள்ளலாம், ஒரு பேரலத் தூக்க முடியலயே. ஃபோர்க் ஒண்ணு அடிச்சிரலாம்னு இருக்கேன், எப்படி அடிச்சா நல்லது?"

ஃபோர்க் என்றால் சுமைக்கு அடியில் நுழைத்துத் தூக்கும் இரண்டு நீட்டு இரும்புக் கைகள். கேள்வி ஒன்றுதான், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. நானே இதில் மூன்று விதமாகச் செய்து பார்த்தவன், அதில் ஒன்று முழுத் தோல்வி. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து விளையில் ரப்பர் மரங்கள் சாய்ந்து கிடந்தபோது, துண்டு போட்ட தடிகளைத் தோளில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்த நாள்களில் மனதில் விழுந்த ஆசை இது. அப்புறம் பட்டறையில் கழித்த நேரமும் வீணாக்கிய இரும்பும் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை எம்எம் பட்டை போடணும்?" என்பதுதான். அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, சுமை டயரிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காரப் போகிறது என்பது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம், குடத்தை இடுப்போடு அணைத்துப் பிடித்தால் ஒரு எடை, கையை நீட்டிப் பிடித்தால் இன்னொரு எடை. லோடருக்கும் அதே கதைதான். கம்பெனிக்காரர் 400 கிலோ தூக்கும் என்று சொன்னால், பெரும்பாலும் அது பக்கெட்டை மாட்டும் பின் (இரும்பு ஆணி) இருக்கிற இடத்தில் தூக்கும் எடை. நீங்கள் தூக்கப்போகும் பேரல் அங்கே இருக்காது, அதற்கும் அரை மீட்டர், ஒரு மீட்டர் முன்னால் இருக்கும்.

இரண்டாவது, எவ்வளவு உயரம் வேண்டும். விளைக்குள்ளேயே இடம் மாற்றினால் போதுமா, குட்டியானையின் தட்டில் ஏற்ற வேண்டுமா? இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே பாதித் தீர்மானம் முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் இரும்பும் வெல்டிங்கும். நான்காவது, மாட்டவும் கழற்றவும் ஆகும் நேரம். அரை மணி நேரம் ஆகும் என்றால் நாலாவது வாரமே அது கொட்டகை மூலையில் கிடக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது, உட்கார்ந்த இடத்திலிருந்து ஃபோர்க் நுனி கண்ணுக்குத் தெரியுமா என்பது. ஆறாவது, உங்கள் தரை. தோவாளை வயல் வரப்பும் அருமனை செம்மண் சரிவும் ஒன்றல்ல, அதுவும் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டத்தில்.

விலையை ரூபாயில் எழுதவில்லை. இன்று எழுதினால் அடுத்த மாதம் மாறும். எடையைத் தருகிறேன், அன்றைய இரும்பு விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

## ஒரு சின்னக் கணக்கு

ஒரு உதாரண லோடர். பக்கெட் பின் இருக்கும் இடத்தில் 400 கிலோ தூக்கும். லோடர் கை திரும்பும் இடத்திலிருந்து அந்தப் பின் வரை 1.8 மீட்டர். 400-ஐ 1.8-ஆல் பெருக்கினால் 720. இதுதான் கையிருப்பு. பக்கெட், பிரேம், ஃபோர்க், பேலட் (சுமையை அடுக்கும் மரத்தட்டு), சுமை எல்லாம் தத்தம் எடையைத் தத்தம் தூரத்தால் பெருக்கி இந்த 720-லிருந்து எடுத்துக்கொள்ளும்.

கிளாம்ப் ஃபோர்க்கை, அதாவது பக்கெட் உதட்டில் (முன் விளிம்பில்) கவ்வி மாட்டுவதைப் பாருங்கள். பக்கெட் 100 கிலோ, அதன் நடு எடை 2.1 மீட்டரில்: 210 போச்சு. ஃபோர்க் ஜோடி 40 கிலோ, 2.8 மீட்டரில்: 112 போச்சு. மிச்சம் 398. சுமையோ பக்கெட் உதட்டுக்கும் அரை மீட்டர் முன்னால், அதாவது 2.9 மீட்டரில். 398-ஐ 2.9-ஆல் வகுத்தால் 137 கிலோ. 400 கிலோ லோடர் 137 கிலோ லோடர் ஆகிவிட்டது!

மற்ற வகைகளையும் இதே மாதிரி போட்டுப் பார்த்தால் (பிரேம் என்பது பக்கெட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டும் சட்டம்):

| வகை | லோடர் சுமக்கும் இரும்பு | சுமைக்கு மிச்சம் (ஃபோர்க்கின் எல் மூலை அல்லது பக்கெட் உதட்டிலிருந்து 50 செ.மீ. தள்ளி) | நுனி தெரியுமா | மாட்ட ஆகும் நேரம் |
|---|---|---|---|---|
| பக்கெட் உதட்டில் கிளாம்ப் | பக்கெட் 100 + ஃபோர்க் 40 கிலோ | சுமார் 137 கிலோ | பக்கெட் மறைக்கும் | 5 நிமிடம் |
| பிரேம் + நாமே அடித்த பாக்ஸ் ஃபோர்க் | 66 கிலோ | சுமார் 242 கிலோ | தெரியும் | 10–20 நிமிடம் |
| பிரேம் + சின்ன ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க் | 95 கிலோ | சுமார் 215 கிலோ | தெரியும் | 10–20 நிமிடம் |
| பிரேம் + பெரிய ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க் | 135 கிலோ | சுமார் 176 கிலோ | தெரியும் | 10–20 நிமிடம் |
| பின்னால் மூணு பாயின்ட்டில் | வேறு கணக்கு, கீழே | டிராக்டர் முன்பாரத்தைப் பொறுத்தது | திரும்பிப் பார்க்கணும் | 5–10 நிமிடம் |

உங்கள் லோடரின் எண்கள் வேறாக இருக்கும். டேப் எடுத்து அளந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரிசை பெரிதாக மாறாது என்பது என் அனுபவம்.

இதில் பேலட் எடை சேர்க்கவில்லை. மரப் பேலட் ஒன்று 15, 20 கிலோ இருக்கும். ரப்பர் பால் நிறைந்த 200 லிட்டர் பேரல், இரும்பு பேரலின் எடையும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டிவிடும். இப்போது மறுபடி அட்டவணையைப் பாருங்கள், யார் யாரால் ஒரு பேரல் தூக்க முடியும் என்று தானாகத் தெரியும்.

## பக்கெட் உதட்டில் மாட்டும் கிளாம்ப் ஃபோர்க்

முதலில் எல்லோரும் போய் விழுகிற இடம் இதுதான். நானும் விழுந்தேன். செய்வது சுலபம்: இரண்டு பாக்ஸ் பைப், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு 'ப' வடிவக் கவ்வி, மேலே ஒரு திருகாணி. பக்கெட்டைக் கழற்ற வேண்டாம், ஹைட்ராலிக்கைத் தொட வேண்டாம். ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டேன், அன்று சாயங்காலமே பத்துப் பன்னிரண்டு தேனீப் பெட்டியை ஒரு பலகையில் அடுக்கி இடம் மாற்றியும் காட்டினேன், தலைகால் புரியாத சந்தோஷம்.

பேரலை ஏற்றியது அடுத்த வாரம். முழுப் பேரல்கூட இல்லை, முக்கால்தான் இருக்கும். தூக்கியது. மெதுவாக நகர்ந்தது. ஒரு ரப்பர் வேர் மேல் முன் டயர் ஏறி இறங்கிய அந்த ஒரு குலுக்கலில் 'டக்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் ஃபோர்க்குக்கு ஒன்றுமில்லை, பக்கெட் உதடு இரண்டு இடத்தில் கீழ்நோக்கி மடங்கியிருந்தது, கவ்வி இருந்த அகலத்துக்குச் சரியாக, விரல் வைத்து அமுக்கிய அடைமாவு மாதிரி. சின்ன லோடர் பக்கெட்டின் அடித்தகடு மெலிசு. மண் தள்ளும்போது விசை உதட்டின் நீளம் முழுக்கப் பரவும். கிளாம்ப் ஃபோர்க் அத்தனை விசையையும் இரண்டு உள்ளங்கை அகலத்தில் குவிக்கிறது. உதட்டை நிமிர்த்தி, அடியில் பட்டை கொடுத்து வெல்ட் பண்ணியதற்கு ஆன செலவு, ஃபோர்க் செய்த செலவைவிட அதிகம்.

இன்னொரு தொல்லை, சுமை ஏறியதும் இரண்டு கவ்வியும் வெளிப்பக்கமாக நகரப் பார்க்கும். இரண்டையும் இணைத்து ஒரு குறுக்குப் பட்டை போட்டே ஆக வேண்டும். நுனியும் தெரியாது, பக்கெட் மறைத்துவிடும். பேலட்டுக்குள் நுழைகிறதா பலகையைக் குத்துகிறதா என்று இறங்கி இறங்கிப் பார்க்கணும்.

அப்படியானால் இது எதற்கு ஆகும்? 100 கிலோவுக்குள், எப்போதாவது, சமதரையில். உர மூட்டை இரண்டு, தேனீப் பெட்டி, வெட்டிய வாழைக்கன்று, வேலிக்குக் கல்தூண் ஒன்றிரண்டு. பக்கெட் அடித்தகட்டுக்கு நல்ல கனத்தில் வெட்டுப்பட்டை இருந்தால் மட்டும். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

## பிரேம் செய்து, ஃபோர்க்கையும் நாமே அடிப்பது

பக்கெட்டை முழுக்கக் கழற்றி, அதே பின்களில் ஒரு பிரேமை மாட்டுவது. சுமை டயருக்கு அரை மீட்டருக்கும் மேல் நெருங்கி வந்துவிடுகிறது, பக்கெட் எடையும் போய்விடுகிறது. அட்டவணையில் 137-க்கும் 242-க்கும் உள்ள தூரம் அங்கிருந்து வருவதுதான்.

பிரேம் செய்வதில் கஷ்டம் காதுகள்தான். பக்கெட்டின் பின்பக்கத்தில் பின் நுழையும் துளைகள் உள்ள தகடுகள் இருக்கின்றன அல்லவா, அவை நூல் பிடித்த மாதிரி ஒரே நேரில் இல்லாவிட்டால் ஒரு பக்கம் பின் நுழையும், மறுபக்கம் நுழையாது. கெட்டி அட்டையில் பக்கெட் காதின் அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். காதுகளை வெட்டியதும் லோடர் கையிலேயே பின் போட்டு நிறுத்தி, பொட்டு வெல்ட் மட்டும் வைத்து, கழற்றிக் கீழே கொண்டுவந்து முழு வெல்ட் போடுங்கள். அந்தப் பொட்டு வெல்டுக்கும் டிராக்டர் பேட்டரி வயரைக் கழற்றிவிடணும், எர்த் கிளாம்ப்பை வெல்ட் பண்ணும் துண்டிலேயே கவ்வணும். டிராக்டர் பாடியில் எங்கோ எர்த் கொடுத்தால் கரண்ட் பின் வழியாக, புஷ் வழியாக, பேரிங் வழியாகத் தனக்குத் தோன்றிய பாதையில் போகும்.

இனி ஃபோர்க். பட்டறையில் கேட்டால் உடனே சொல்வது 100-க்கு 25 பட்டை. கனமாக இருக்கிறது, பார்க்கவும் பலமாகத் தெரிகிறது. மீட்டருக்கு 19.6 கிலோ. ஆனால் படுக்கையாக வைத்த பட்டை வளைவதைத் தடுப்பதில் கெட்டியில்லை. 80-க்கு 40, 4 எம்எம் கனமுள்ள பாக்ஸ் பைப்பை நெட்டாக நிறுத்திவைத்தால் மீட்டருக்கு 7 கிலோதான், வளைவைத் தாங்குவதிலோ அந்தப் பட்டையைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு. மூன்றில் ஒரு பங்கு எடைக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் பலம்! சந்தேகம் இருந்தால் ஒரு மர ஸ்கேலைப் படுக்கையாகவும் நெட்டாகவும் பிடித்து வளைத்துப் பாருங்கள், அவ்வளவுதான் விஷயம்.

ஒரு எண். 300 கிலோவை இரண்டு ஃபோர்க்கும் சமமாகத் தாங்கி, சுமை அரை மீட்டர் தள்ளி இருந்தால் 100 x 25 பட்டையில் வரும் அழுத்தம் 70 மெகாபாஸ்கல். சாதாரண இரும்பு 250 வரை தாங்கும். பயப்பட ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் சமமில்லாத தரையில் முழுச் சுமையும் ஒரு ஃபோர்க்கில் சாயும்: 140. அதோடு ஒரு பள்ளத்தில் விழுந்த குலுக்கல் சுமையை இரட்டிப்பாக்கும்: 280. வளைந்தாச்சு. பாக்ஸ் பைப்பில் அதே மோசமான நிலைமையில் 165 தான் வரும். நானே முதலில் பட்டை போட்டு, ஒரு வருஷத்தில் நுனி இரண்டும் தரையைப் பார்க்கத் தொடங்கியபிறகு மாற்றினேன்.

பாக்ஸ் பைப்பின் பலவீனம் வேறு. 80 எம்எம் உயரம் பேலட் வாய்க்குள் இடித்துக்கொண்டுதான் போகும், அதனால் நுனியைச் சாய்வாக வெட்டி மூட வேண்டும். கல்லில் மோதினால் நசுங்கும், நசுங்கிய இடத்தில் பலம் போய்விடும். உள்ளே தண்ணீர் போனால், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மாதிரி கடலோரம் என்றால் சொல்லவே வேண்டாம், உள்ளிருந்தே துருப்பிடித்துக்கொண்டு வரும், வெளியே பெயின்ட் பளபளக்கும். இரண்டு முனையையும் முழுசாக அடைத்து வெல்ட் பண்ணுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், மூலை. படுத்த துண்டும் நின்ற துண்டும் சேரும் எல் மூலையில்தான் மொத்த உயிரும் இருக்கிறது. சுமை கீழே அழுத்தும்போது அந்த மூலை உள்பக்கமாக விரியப் பார்க்கும், அங்கே ஒரு கோடு வெல்ட் மட்டும் இருந்தால் ஜிப்பைத் திறப்பது மாதிரி திறக்கும். அதனால் இரண்டு பக்கமும் 10 எம்எம் தகட்டில் கன்னம் வைத்து, சுற்றிலும் வெல்ட். உள்மூலையில் பெரிய முக்கோணம் வைத்தால் பேலட் மூலையோடு ஒட்டி உட்காராது, சுமை மறுபடி முன்னால் தள்ளிப்போகும். பக்கக் கன்னம்தான் சரி.

வெல்டிங் ராடு விஷயம். மூலைக்கு 7018 என்ற ராடு போடச் சொல்லுங்கள். ஆனால் 7018 ஈரத்தை உறிஞ்சும். நம்மூரில் ஆனி ஆடியிலும் ஐப்பசியிலும் காற்றே ஈரம், திறந்து வைத்த பாக்கெட்டில் இருக்கும் ராடை அப்படியே போட்டால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, பார்க்க அழகான வெல்ட் இரண்டு நாள் கழித்து மயிரிழையாக விரியலாம். ராடைச் சுட வைத்து எடுக்கும் ஓவன் இல்லாத பட்டறையில் 7018 கேட்டு அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை, புதுப் பாக்கெட்டைப் பிரித்த உடனே போடச் சொல்லுங்கள்.

கமான் பட்டை (ஸ்பிரிங் பட்டை) பற்றி ஒரு வார்த்தை. லாரிக் கமான் பட்டை பழைய இரும்புக் கடையில் மலிவு, வளையவே வளையாது, ஃபோர்க்குக்கு அதுவே பொருத்தம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நான் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனபோது பட்டறை அண்ணன் அதைத் தரையில் போட்டு ஒரு தட்டு தட்டிவிட்டுச் சொன்னார்: "மக்களே, இது வளையாது, சரி. உடையும். சொல்லிட்டு உடையாது." ஸ்பிரிங் இரும்பில் கார்பன் அதிகம், சூடாக்காமல் வெல்ட் போட்டால் வெல்டுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி இறுகிப்போகும். சாதாரண இரும்பு வளைந்து எச்சரிக்கும், இது எச்சரிக்காது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

## பிரேம் நம்முடையது, ஃபோர்க் ஃபோர்க்லிஃப்டுடையது

என் லோடரில் இப்போது இருப்பது இதுதான். ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க் ஒரே இரும்பில் வளைத்து, சூட்டுப் பதம் கொடுத்துச் செய்தது, மூலையில் வெல்டே கிடையாது. மூலைப் பயம் மொத்தமாகப் போய்விடுகிறது. பின்பக்கத்தில் மேலேயும் கீழேயும் கொக்கி இருக்கும், அது உட்கார இரண்டு குறுக்குப் பட்டை உள்ள பிரேம் போதும். அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் நகர்த்திக்கொள்ளலாம்.

பழைய ஃபோர்க் எங்கே கிடைக்கும்? தூத்துக்குடி, திருவனந்தபுரம் பக்கம் கிடங்குகள் உள்ள ஊர்களின் ஆக்கர் (பழைய இரும்புக்) கடைகளில் கேட்டுவைத்தால் எப்போதாவது வரும். வாங்கும்போது மூன்று விஷயம். ஒன்று, கொக்கியின் அளவு. உலகம் முழுக்க இதற்கு வகுப்புகள் உண்டு, பிரேமின் மேல் பட்டை விளிம்பிலிருந்து கீழ்ப் பட்டை விளிம்பு வரை இரண்டாம் வகுப்புக்கு 407 எம்எம், முதல் வகுப்புக்கு 331. இது தெரியாமல் பிரேமை முதலில் அடித்துவிட்டு ஃபோர்க் தேடப் போகாதீர்கள்; ஃபோர்க்கை வாங்கி முன்னால் போட்டுக்கொண்டு பிரேம் அடியுங்கள்.

இரண்டு, தேய்மானம். தரையில் உரசி உரசி மூலையின் அடிப்பக்கம் தேய்ந்திருக்கும். நின்ற பகுதியின் கனத்தையும் மூலைக்குப் பக்கத்தில் படுத்த பகுதியின் கனத்தையும் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று, ஃபோர்க்லிஃப்ட்காரர்கள் அதோடு அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அப்படித் தூக்கிப் போட்டதுதான் ஆக்கர் கடைக்கும் வரும் என்பதை மறக்க வேண்டாம். நம் 200 கிலோவுக்கு அது தாங்கத்தான் செய்யும். ஆனால் மூலையில் விரிசல் இருந்தால், ஒரு எம்எம் ஆனாலும், வேண்டாம். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி தூவினால் விரிசல் ஈரக் கோடாகத் தெரியும். ஃபோர்க்கில் யாராவது வெல்ட் போட்ட தடம் இருந்தாலும் வேண்டாம், நீங்களும் போட வேண்டாம். சூட்டுப் பதம் போய்விடும்.

மூன்று, எடை. மறைந்திருக்கும் செலவு இங்கேதான். கடையில் அதிகம் கிடைப்பது 100 x 40, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம். ஒன்று 45 கிலோ வரும், ஜோடி 90. இரண்டரை டன் தூக்கும் வண்டிக்குச் செய்தது அது, நம் குட்டி லோடர் கால் பங்குக்கும் மேல் சக்தியை அந்த ஃபோர்க்கைத் தூக்கவே செலவழிக்கும். 80 x 30, 900 எம்எம் நீளத்தில் கிடைத்தால் ஒன்று 25 கிலோவுக்குள் அடங்கும். அதற்காக ஆறு மாதம் காத்திருந்தாலும் தப்பில்லை, நான் காத்திருந்தேன்.

பேரலுக்கு ஒரு வழி: பெரிய பேலட்டின் நடுவில் வைக்காமல், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு சின்னப் பேலட் அடித்து, பேரலை மூலையோடு ஒட்டி வையுங்கள். சுமை 50-லிருந்து 32 சென்டிமீட்டருக்கு வந்துவிடும், 215 கிலோ 232 ஆகும். அந்த 17 கிலோ பேலட்டின் எடைக்குச் சரியாகப் போகும்.

கடையில் செய்து விற்கும் லோடர் ஃபோர்க் செட் வாங்குவது நாலாவது வழி. பணம் இருந்து, உங்கள் லோடருக்கே உரிய காதளவில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். இந்தக் கட்டுரையே தேவையில்லை.

## பின்னால், மூணு பாயின்ட் லிங்கேஜில்

டிராக்டருக்குப் பின்னால் கலப்பை மாட்டும் அந்த மூணு இணைப்பிலேயே ஃபோர்க்கை மாட்டுவது. இதை யாரும் கேட்டு வருவதில்லை. லோடர் முன்னால் இருக்கும்போது பின்னால் எதற்கு என்று நினைப்பு. எனக்கோ, நம் சரிவு விளைகளுக்கு முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று படுகிறது.

காரணம் இரண்டு. முதலாவது, தூக்கும் சக்தி. ஜிவோ 245, குபோட்டா பி2441 மாதிரி 24 ஹெச்பி வண்டிகளுக்கே பின் ஹைட்ராலிக் 750 கிலோ. இரண்டாவது, சுமை பெரிய பின் டயருக்குப் பக்கத்தில் வருகிறது. முன்பக்கம் தூக்கும்போது மொத்தப் பாரமும் மெலிந்த முன் அச்சில், கிங்பின்னில், முன் பேரிங்கில் இறங்கும். பேரிங் மாற்றிய பில்தான் முன்பக்க ஃபோர்க்கின் இன்னொரு மறைமுகச் செலவு.

செய்வதும் சுலபம். ஒரு 'அ' வடிவச் சட்டம், கீழே இரண்டு பின், மேலே டாப் லிங்க்குக்கு (நடுவில் உள்ள மேல் இணைப்புக் கம்பிக்கு) ஒன்று. முதல் வகுப்பு லிங்கேஜுக்குக் கீழ்ப் பின் 22 எம்எம், டாப் லிங்க் பின் 19 எம்எம். சில குட்டி வண்டிகளில் கைகளுக்கு இடையே அகலம் குறைவாக இருக்கும், அளந்துகொள்ளுங்கள். 75 எம்எம் சேனல் மீட்டருக்கு 7 கிலோ சொச்சம், மொத்தச் சட்டமும் 60 கிலோவுக்குள் முடியும்.

750 கிலோ தூக்கும் என்பதற்காக 750 ஏற்றினால் டிராக்டர் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பின் அச்சிலிருந்து சுமையின் நடு 1.35 மீட்டர், முன் அச்சு 1.55 மீட்டர் என்று வையுங்கள். சட்டமும் சுமையும் சேர்ந்து 300 கிலோ என்றால் முன் டயரிலிருந்து 260 கிலோ குறையும். சின்ன டிராக்டரின் முன்பாரம் மொத்தமே 350 கிலோ அளவில் இருந்தால் மிச்சம் 90, ஸ்டியரிங் காற்றில் சுற்றும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் டயரில் நிற்கணும். இங்கேதான் லோடர் வேறு விதத்தில் உதவுகிறது: கழற்றாமல் அப்படியே விடுங்கள், பக்கெட்டில் கொஞ்சம் மண் போட்டுத் தாழ்த்திப் பிடியுங்கள். எதிர்ப்பாரம் தானாக வந்துவிட்டது.

குறை என்ன? உயரம். முட்டளவுக்குக் கொஞ்சம் மேல் தூக்கும், அவ்வளவுதான், வண்டியில் ஏற்ற முடியாது. ரோட்டோரம் ஒரு மேடு இருந்து, குட்டியானை பள்ளத்தில் பின்வாங்கி நின்றால் சமாளிக்கலாம், எங்கள் விளை முகப்பில் அப்படி ஒரு கரை உண்டு. பேலட்டுக்குள் நுழைக்கப் பின்னால் திரும்பிக்கொண்டே ஓட்டணும், கழுத்து வலி நிச்சயம்.

## சரிவு பற்றி

டிராக்டருக்குப் பிரேக் பின் டயரில். முன்னால் பாரம் ஏற்றிச் சரிவில் இறங்கினால் பின் டயர் லேசாகும், அப்போது பிரேக்கை மிதித்தாலும் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது, ஈரச் செம்மண்ணில் சறுக்கிக்கொண்டே போகும். ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் அதைப் போட்டுவிட்டு இறங்குங்கள், அப்போது முன் டயரும் பிடிக்கும். அதோடு பின்பக்கம் ஒரு எதிர்ப்பாரம் வேண்டும். அரை பேரலில் கான்கிரீட் ஊற்றினால் 240 கிலோ கிடைக்கும்.

சுமை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கணும். முன்னால் ஃபோர்க் என்றால் இறங்கும்போது ரிவர்ஸில் இறங்குங்கள். பின்னால் ஃபோர்க் என்றால் நேராக இறங்கலாம், ஏறுவதுதான் ரிவர்ஸில். ரப்பர் விளையில் இறக்கம்தான் பாரத்தோடு, ஏற்றம் காலியாக, அதனால் பின் ஃபோர்க் இங்கே இயல்பாகவே பொருந்தி வருகிறது. சரிவில் பக்கவாட்டாக, தூக்கிப் பிடித்த சுமையோடு போகவே கூடாது. முன் அச்சு நடுவில் ஒற்றைப் பின்னில் ஆடுவது, பக்கவாட்டில் சாய்வதை அது தடுக்காது.

## பேலட் செலவை மறந்துவிடாதீர்கள்

ஃபோர்க் வாங்கினால் பேலட்டும் வேண்டும், இது யாரும் கணக்கில் சேர்க்காத செலவு. ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர்) சாக்கோ, வாழைக்குலையோ, ஹாலோ பிளாக்கோ தானாக ஃபோர்க்கில் உட்காராது. டைல்ஸ் கடைகளில் கழித்த பேலட் கிடைக்கும், ஆனால் அவை பெரிசு. நாமே அடிக்கலாம் என்றால் கையில் கிடைப்பது ரப்பர் பலகை. மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தை உளு சீக்கிரமே பொடியாக்கிவிடும், இரண்டாவது வருஷம் பாரத்தோடு பலகை உடையும். ஆஞ்சிலியோ பழைய கழுக்கோலோ இருந்தால் அதைப் போடுங்கள். 90-க்கு 90 சென்டிமீட்டர் நம் வழிகளுக்குப் போதும்.

## அந்த இரண்டு பேருக்கும் சொன்னது

அருமனைக்காரரிடம், முதலில் பின் ஃபோர்க் அடியுங்கள், பேரலும் ஒட்டுப்பால் சாக்கும் அதிலேயே இறங்கட்டும் என்றேன். குட்டியானையில் ஏற்றும் வேலை மாதத்துக்கு இரண்டு தடவைதான், அதற்குப் பலகை சாய்த்து உருட்டினால் போச்சு. அவருக்கு முழுத் திருப்தி இல்லை, முன்னால் ஃபோர்க் இருந்தால்தான் பார்க்க ஒரு இது என்று நினைத்தார் போல.

தோவாளைக்காரருக்கு வேறு. சமதரை, தினமும் பிளாக் ஏற்றுகிறார், உயரம் வேண்டும், நுனி தெரியணும். அவருக்குப் பிரேமும் சின்ன ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க்கும்தான். ஃபோர்க் கிடைக்கும்வரை பாக்ஸ் பைப்பில் ஒரு ஜோடி அடித்து ஓட்டலாம், கன்னம் வைத்து. ஒரு தடவைக்கு எத்தனை பிளாக் என்று ஒரு பிளாக்கை எடை போட்டு, பேலட்டையும் சேர்த்துக் கணக்கிட்டு, பிரேமிலேயே பெயின்டில் எழுதிவைக்கச் சொன்னேன். வேலைக்கு வரும் பையன்களுக்கு 720-ஐ வகுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

எதை அடித்தாலும் முதல் நாள் வேலைக்கு எடுக்காதீர்கள். பிரேமை மாட்டி, ஃபோர்க்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, நுனிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை டேப்பில் அளந்து எழுதுங்கள். நீங்கள் ஏற்றப்போகும் எடைக்கு மேல் கால் பங்கு கூட்டி மணல் மூட்டை அடுக்கி, பத்து நிமிடம் விட்டு, இறக்கி, கைகள் அதே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மறுபடி அளங்கள். லோடர் தூக்க மறுத்தால் அதுவே பதில். தூக்கி இறக்கிய பிறகு நுனி பழைய அளவுக்கு வரவில்லை என்றால், 2 எம்எம் ஆனாலும், இரும்பு வளைந்துவிட்டது, மூலையைப் பெயின்ட் சுரண்டிப் பாருங்கள். என் முதல் பட்டை ஃபோர்க் இந்தச் சோதனையில் 3 எம்எம் காட்டியது. பரவாயில்லை என்று பெயின்ட் அடித்தவன் நான்.